பதினொரு பேர், ஒரு கன்டெய்னர்: நாடு மாறும் குடும்பங்களுக்கான இடமாற்றச் சேவை பற்றிய மதிப்பீடு

நாடு விட்டு நாடு குடிபெயரும் குடும்பங்களுக்கு, வீட்டுச் சாமான்களைக் கட்டுவதில் தொடங்கி விமானச் சீட்டு, வழியில் தங்குமிடம், சுங்க நடைமுறை, புதிய வீட்டில் சாமான்களைப் பிரித்து அடுக்குவது வரை அனைத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் செய்து தரும் இடமாற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. அத்தகைய ஒரு நிறுவனத்தின் சேவையை எங்கள் குடும்பம் தொடக்கம் முதல் முடிவு வரை பயன்படுத்தியது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இந்தத் துறையில் பெரும்பாலான நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே முறையில்தான் இயங்குகின்றன. புறப்படும் நாட்டில் ஓர் அலுவலகம், சேரும் நாட்டில் வேறொரு முகவர், நடுவே கப்பல் நிறுவனமும் விமான நிறுவனமும் என்று வேலை பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. எனவே எந்தக் கட்டத்தில் எது நன்றாக நடந்தது, எது தடுமாறியது என்ற விவரமே பெயரைவிடப் பயன்படும்.

நாங்கள் பதினொரு பேர். என் மாமனார், மாமியார், கணவர், நான், எங்கள் மூன்று பிள்ளைகள், கொழுந்தனார், அவருடைய மனைவி, அவர்களின் இரண்டு குழந்தைகள். அந்த இருவரில் இளையவள் இரண்டு வயது நிரம்பாத கைக்குழந்தை. மாமனாரால் நீண்ட தொலைவு நடக்க இயலாது. ஒரே மூச்சில் பறந்து போய்ச் சேர்வது முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆகாது என்பதால், வழியில் இரண்டு நாடுகளில் தங்கிச் செல்லும்படி பயணத்தை அமைக்கச் சொன்னோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே பார்த்தால் இந்தச் சேவை தரமானது, சில இடங்களில் மிகச் சிறப்பானது. ஆனால் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்களில், அதாவது பொறுப்பு ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும் இடங்களில், அது தளர்ந்துவிடுகிறது. இளம் தம்பதியர் இருவர் மட்டும் குடிபெயர்ந்தால் அந்தத் தளர்ச்சியை அவர்களே சமாளித்துக்கொள்வார்கள். முதியவரும் கைக்குழந்தையும் உள்ள பெரிய குடும்பத்துக்கோ, பயணத்தின் கடினமான பகுதி அதுவாகவே ஆகிவிடுகிறது.

முதலில் வீட்டைப் பார்வையிட ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். இப்போது பல நிறுவனங்கள் கைப்பேசி வீடியோ வழியாகவே இந்த அளவெடுப்பை முடித்துவிடுகின்றன. பெரிய வீட்டுக்கு அது போதாது என்பதை நேரில் வந்தவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தபோதே உணர்ந்தேன். ஒவ்வோர் அலமாரியையும் திறந்து பார்த்தார், பரணில் இருந்தவற்றைக் கீழே இறக்கச் சொன்னார், கட்டில்களில் எவை பிரிக்கக்கூடியவை என்று குறித்துக்கொண்டார். கடல்வழிச் சரக்கில் வீட்டுச் சாமானுக்கான கட்டணம் எடையைவிடக் கன அளவைப் பொறுத்தே அமைகிறது. 20 அடி கன்டெய்னரின் உட்புறக் கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். 40 அடி கன்டெய்னரில் அது ஏறத்தாழ 67. ஆனால் சோபாவும் மேசையும் செங்கல்லைப் போல இடைவெளியின்றி அடுக்கக் கூடியவை அல்ல என்பதால், 20 அடிப் பெட்டியில் 25 முதல் 28 கன மீட்டர் வரைதான் உண்மையில் ஏறும் என்று அவர் விளக்கினார். எங்கள் சாமான் அந்த எல்லையைத் தாண்டியது. பெரிய கன்டெய்னரை விற்றுவிட நினைக்கும் நிறுவனமாக இருந்தால் அங்கேயே பேச்சு முடிந்திருக்கும். இவரோ, எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று எங்களோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். புதிய நாட்டின் மின்னழுத்தமும் அலைவெண்ணும் வேறு என்றால் எந்தச் சாதனங்களைக் கொண்டுபோவது வீண் என்பதையும், சூடேற்றும் சாதனங்களுக்கு மின்மாற்றி வாங்கி வைப்பது ஏன் கட்டுப்படியாகாது என்பதையும் பொறுமையாகச் சொன்னார். முடிவில் 20 அடிக்குள் அடங்கினோம். நிறுவனத்துக்கு வருமானம் குறையும் ஆலோசனையை அதன் ஊழியரே தந்தது இந்தச் சேவையின் மீது எனக்கு மதிப்பை உண்டாக்கியது.

சாமான் கட்டும் வேலையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. மேற்பார்வையாளர் ஒருவரும் அவருடைய குழுவும் வந்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் கொடுத்து, அதில் என்ன இருக்கிறது, எந்த அறைக்கு உரியது, யாருடையது என்ற மூன்றையும் பட்டியலில் பதிந்தார்கள். யாருடையது என்ற அந்த மூன்றாவது விவரம் வழக்கமான பட்டியல்களில் இருப்பதில்லை. பதினொரு பேர் கொண்ட வீட்டில் அதன் மதிப்பு, சாமான் வந்து இறங்கிய நாளில்தான் முழுமையாகப் புரிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய பெட்டியைக் கொடுத்து, தங்களுக்கு வேண்டியவற்றை அவர்களே எடுத்து வைக்கும்படி மேற்பார்வையாளர் சொன்னார். அவர் அருகிலேயே நின்று ஒவ்வொரு பொருளையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். அதற்கு ஒரு காரணம் உண்டு. உரிமையாளர் தாமே கட்டிய பெட்டிக்குள் ஏதேனும் உடைந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக இழப்பீடு தருவதில்லை. நிறுவனத்தினர் கட்டிய பெட்டியாக இருந்தால் தருகின்றன. பிள்ளைகளின் ஆசையும் நிறைவேறியது, பெட்டியும் காப்பீட்டுக்குள் இருந்தது.

கடற்பயணத்துக்கான ஆயத்தங்களும் துல்லியமாக இருந்தன. பகலில் வெயிலும் இரவில் குளிரும் மாறி மாறி வருவதால் கன்டெய்னரின் கூரையில் உள்ளேயிருக்கும் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படிந்து கீழே சொட்டும். அதைத் தடுக்க ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியை முந்தைய நாளே நிறுத்தித் துடைத்து உலர்த்தி, கதவு முழுதும் மூடிக்கொள்ளாதபடி இடைவெளி வைத்துக் கட்டினார்கள். சலவை இயந்திரத்தின் உருளை ஆடாமல் இருக்க அதன் போக்குவரத்துத் திருகுகளைப் பூட்டினார்கள். கண்ணாடிச் சாமானுக்காகச் செய்த மரப்பெட்டிகளில், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியசில் குறைந்தது 30 நிமிடங்கள் சூடேற்றப்பட்டதற்கான சர்வதேச முத்திரை இருக்கிறதா என்று எங்களுக்கே காட்டினார்கள். மரத்தில் ஒளிந்து வரும் பூச்சிகள் நாடு தாண்டுவதைத் தடுக்கும் விதி அது. முத்திரை இல்லாத மரப்பெட்டி துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தப்படலாம். மிதிவண்டிச் சக்கரங்களிலும் தோட்டக் கருவிகளிலும் ஒட்டியிருந்த மண்ணைக்கூடக் கழுவச் சொன்னார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் இதில் மிகக் கண்டிப்பானவை என்பதால், சேரும் நாடு எதுவாயினும் அந்த அளவுகோலையே எல்லோருக்கும் வைத்திருக்கிறார்களாம். சரியான கொள்கை.

விமானச் சரக்காகச் சிறிது சாமானை முன்னதாக அனுப்பும் வசதியும் ஒப்பந்தத்தில் இருந்தது. விமானச் சரக்கில் 6,000 கன சென்டிமீட்டரை ஒரு கிலோவாகக் கணக்கிடுவது வழக்கம். உண்மை எடை, இந்தக் கணக்கெடை இரண்டில் எது கூடுதலோ அதற்குக் கட்டணம். 60, 50, 40 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பெட்டியில் தலையணைகளை மட்டும் நிரப்பினாலும் 20 கிலோவுக்கான கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே பாடப்புத்தகங்கள், சமையற்கருவிகள் ஆகிய கனமானவற்றை விமானத்திலும், இடத்தை அடைப்பவற்றைக் கப்பலிலும் அனுப்பலாம் என்ற ஆலோசனை எங்களுக்கு நல்ல மிச்சத்தைக் கொடுத்தது.

காப்பீட்டு விளக்கத்தை இந்த நிறுவனத்தின் தனிச் சிறப்பாகக் குறிப்பிடுவேன். பொதுச் சராசரி என்ற பழைய கடற்சட்ட விதியைப் பற்றி வீட்டுச் சாமான் அனுப்புகிறவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கப்பலையும் சரக்கையும் பொது ஆபத்திலிருந்து காப்பாற்ற நேரும் செலவையும் இழப்பையும், கப்பல் உரிமையாளரும் அந்தக் கப்பலில் சரக்கு வைத்திருக்கும் அனைவரும் தத்தம் சொத்தின் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அந்த விதி. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் தரைதட்டி, 29ஆம் தேதி மீட்கப்பட்ட எவர் கிவன் கப்பலின் உரிமையாளர் அந்த விதியைத்தான் அறிவித்தார். கப்பலை எகிப்து விடுவிக்கவே ஜூலை 7 ஆனது. சரக்கின் உரிமையாளர்கள் உத்தரவாதம் கொடுத்த பிறகே தங்கள் கன்டெய்னரைப் பெற முடிந்தது. காப்பீடு இருந்தால் அந்த உத்தரவாதத்தைக் காப்பீட்டு நிறுவனமே கொடுத்துவிடும்; இல்லாவிட்டால், தன் சாமானுக்குக் கீறல்கூட விழாத குடும்பமும் பணம் கட்டித்தான் அதை மீட்க வேண்டும். இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எளிய மொழியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பொருள்களின் மதிப்பைக் குறைத்துக் காட்டினால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும் என்பதும் அதில் தெளிவாக இருந்தது. காப்பீட்டை விற்பதற்காகப் பயமுறுத்தும் தொனி அதில் எங்கும் இல்லை.

இனி விமானப் பயணம். இங்கேதான் சேவையின் முதல் தளர்ச்சி வெளிப்பட்டது. விமான நிறுவனங்களின் முன்பதிவு முறையில் பொதுவாக ஒரு பதிவில் ஒன்பது இருக்கைகள் வரைதான் எடுக்க முடியும். பத்து அல்லது அதற்கு மேல் என்றால் குழுப் பதிவாகக் கேட்க வேண்டும். மடியில் உட்காரும் கைக்குழந்தைக்குத் தனி இருக்கை இல்லை. ஆகவே எங்களுக்குத் தேவை பத்து இருக்கைகள். குழுப் பதிவுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பதற்குப் பதிலாக, நிறுவனத்தின் பயணப் பிரிவு எங்களை இரண்டு தனிப் பதிவுகளாகப் பிரித்துவிட்டது. அதில்கூடத் தவறில்லை, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே குடும்பத்தினுடையவை என்ற குறிப்பை இரு பதிவுகளிலும் சேர்த்திருக்க வேண்டும். அது சேர்க்கப்படவில்லை. விமான நேரம் மாறியபோது ஒரு பதிவில் இருந்தவர்களைக் கணினி தானாகவே வேறொரு விமானத்துக்கு மாற்றிவிட்டது. மற்றப் பதிவில் இருந்தவர்கள் பழைய விமானத்திலேயே இருந்தார்கள். மாற்றப்பட்டவர்களில் என் மாமனாரும் மாமியாரும் என் மூத்த மகனும் இருந்தார்கள். மாமனாருக்குத் துணையாக வரவேண்டிய என் கணவர் பழைய விமானத்தில்.

இதைக் கண்டுபிடித்தது நாங்கள்தான், நிறுவனம் அல்ல. விமான நிறுவனத்தின் செயலியில் இரு பதிவுகளையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தபோது தெரிந்தது. தகவல் கொடுத்தவுடன் பயணப் பிரிவு விரைந்து செயல்பட்டு அனைவரையும் ஒரே விமானத்தில் சேர்த்துவிட்டது. கூடுதல் கட்டணமும் கேட்கவில்லை. அந்த விரைவுக்கு நன்றி சொல்கிறேன். ஆயினும் சீட்டை வாங்கிக் கொடுத்ததோடு பயணப் பிரிவின் கடமை முடிந்தது, அதற்குப் பிறகு அதைக் கண்காணிப்பவர் யாரும் இல்லை என்ற அமைப்பு, ஒருங்கிணைந்த சேவை என்ற பெயரில் பணம் வாங்கும் நிறுவனத்துக்குப் பொருந்தாது.

முதலில் அவர்கள் பரிந்துரைத்த பயணத் திட்டத்தில் இன்னொரு குறையும் இருந்தது. செலவைக் குறைப்பதற்காக, இரண்டாம் நாட்டிலிருந்து புறப்படும் விமானத்தைத் தனிச் சீட்டாக எடுக்கலாம் என்றார்கள். தனிச் சீட்டுகளில் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று விமானம் தரும் கடமை இரண்டாம் நிறுவனத்துக்கு இல்லை. பத்து இருக்கைகளை அந்த நேரத்தில் புதிதாக வாங்குவது எந்தக் குடும்பத்தாலும் தாங்க முடியாத செலவு. முழுப் பயணமும் ஒரே சீட்டில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தி மாற்றச் சொன்னோம், மாற்றிக் கொடுத்தார்கள். பெரிய குடும்பத்துக்கு இந்தத் தனிச் சீட்டு யோசனையை முன்வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குழந்தைகள் விஷயத்தில் அவர்கள் காட்டிய கவனத்தைப் பாராட்ட வேண்டும். கைக்குழந்தைக்குரிய தொட்டில், விமானத்தில் முன்சுவரை ஒட்டிய வரிசையில் மட்டுமே பொருத்தக்கூடியது. அதை முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்திருந்தார்கள். பயணத்தின் நடுவே குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டால் அதற்குப் பிந்தைய விமானங்களில் தனி இருக்கை வாங்க வேண்டும் என்பதையும் தாங்களாகவே நினைவூட்டினார்கள். எல்லோருடைய கடவுச்சீட்டும் சேரும் நாளிலிருந்து ஆறு மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்பதால், பதினொரு கடவுச்சீட்டுகளின் முடிவுத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதித் தந்தார்கள். பெரியவர்களின் கடவுச்சீட்டைவிடக் குழந்தைகளுடையது பல நாடுகளில் குறைந்த காலத்துக்கே வழங்கப்படுகிறது. எங்கள் பிள்ளைகளில் ஒருவரின் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரியவந்தது. பெற்றோரில் ஒருவரோடு மட்டும் குழந்தை பயணம் செய்ய நேர்ந்தால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் கேட்கப்படலாம் என்பதால், இரு தம்பதியரிடமிருந்தும் முன்னெச்சரிக்கையாகக் கடிதங்களைப் பெற்று வைத்திருந்தார்கள்.

வழித்தங்கல்களைப் பற்றி என் கருத்து இரண்டுபட்டது. சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் ஓரிடத்தில் நின்றால் அது இடைமாற்றம் அல்ல, தங்கல் என்றே கணக்கிடப்படுகிறது. பெட்டிகள் அங்கேயே கைக்கு வந்துவிடும். எங்கள் இரண்டு தங்கல்களும் அப்படித்தான். எனவே குடும்பம் முழுவதற்கும் உரிய பெட்டிகள், தள்ளுவண்டி, கைப்பைகள் அனைத்தையும் ஒவ்வொரு நாட்டிலும் இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. முதல் நாட்டில் நிறுவனம் அனுப்பிய வாகனம் ஆட்களின் எண்ணிக்கைக்குச் சரியாக இருந்தது; பெட்டிகளுக்கு இடமில்லை. குழந்தை இருக்கையும் அதில் பொருத்தப்படவில்லை. விமானத்தில் பெட்டி ஒன்றுக்கு 23 கிலோ என்று அனுமதி வாங்கித் தந்த அதே நிறுவனம், அந்தப் பெட்டிகள் எத்தனை என்ற செய்தியை வாகனம் ஏற்பாடு செய்தவரிடம் சொல்லவில்லை. நள்ளிரவில் விமான நிலைய வாசலில் இன்னொரு வண்டிக்காகக் குழந்தைகளோடும் முதியவர்களோடும் காத்திருந்தது இந்தப் பயணத்தின் மிகக் கடினமான நேரம். இரண்டாம் நாட்டில் இது நேராதபடி திருத்திக்கொண்டார்கள்.

தங்குமிடங்களோ மிக நன்றாக இருந்தன. அடுத்தடுத்த அறைகள் என்று ஓட்டல்கள் சொல்வதும், உள்கதவால் ஒன்றோடொன்று இணைந்த அறைகளும் வெவ்வேறு. இந்த நிறுவனம் உள்கதவு உள்ள அறைகளையே கேட்டு வாங்கியிருந்தது. இரவில் குழந்தை அழுதாலும் மாமனாருக்கு உதவி தேவைப்பட்டாலும் நடைவழிக்கு வராமலேயே ஒருவரை ஒருவர் அடைய முடிந்தது. ஓரிரு அறைகளில் சிறு சமையலறையும் இருந்தது. கிழக்கு நோக்கிய பயணத்தில் உடலின் நேர உணர்வு மாறுவது மேற்கு நோக்கியதைவிடக் கடினம், ஏனெனில் நம் உடலின் இயல்பான சுழற்சி 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்டது. ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்று உடல் பழகிக்கொள்கிறது. இதைக் கருத்தில் கொண்டு தங்கல் நாள்களைப் பங்கிட்டதால், புதிய நாட்டில் கால் வைத்தபோது பிள்ளைகள் இரவில் தூங்கிப் பகலில் விழித்திருந்தார்கள். வழியில் பார்த்த நகரங்களும் அவர்கள் மனத்துக்கு ஆறுதலாக இருந்தன. வீட்டை விட்டுவந்த துயரத்துக்கும் புதிய வீட்டின் பதற்றத்துக்கும் நடுவே, எல்லோரும் ஒன்றாக நடந்து பொழுதைக் கழிக்க இடம் கிடைத்தது ஒரு பெரிய கொடை. மாமியார் பேரப்பிள்ளைகளோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதை நான் முன்பு பார்த்ததில்லை. குடும்பத்தோடு குடிபெயரும் எவரும் வசதியிருந்தால் நேர்விமானத்தைத் தவிர்த்து இப்படித் தங்கிச் செல்லலாம் என்றே சொல்வேன்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி ஏற்பாடு ஒவ்வோர் இடத்திலும் நடந்தது. ஆனால் உதவியாளர் மாமனாரைத் தனி வழியில் அழைத்துச் சென்றுவிடுவார். அவரோடு ஒருவரை மட்டுமே அனுமதிப்பார்கள். அவருடைய கடவுச்சீட்டு, போர்டிங் பாஸ், மருந்து மூன்றும் அவரிடமே இருக்க வேண்டும், குடும்பத்தின் பொதுப்பையில் இருக்கக் கூடாது. இந்த நடைமுறையை நிறுவனம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் முதல் நிலையத்தில் ஏற்பட்ட தேடலைத் தவிர்த்திருக்கலாம்.

இரண்டாம் நாட்டில் எங்கள் பெட்டிகளில் ஒன்று வந்து சேரவில்லை. அங்கே நிறுவனத்தின் உதவி எண் உண்மையாகவே உதவியது. 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சேதமடைந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 7 நாள்களுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர், இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. வரம்பு பெட்டிக்கு அல்ல, பயணிக்கு என்பதுதான் பெரிய குடும்பம் கவனிக்க வேண்டிய செய்தி. எல்லாப் பெட்டிகளையும் குடும்பத் தலைவர் ஒருவர் பெயரிலேயே பதிவதைச் சில பதிவு மேடைகளில் வழக்கமாகச் செய்கிறார்கள். பின்னர் அதில் எது யாருடையது என்று நிறுவுவது தொல்லையாகிவிடும். இதை அறிந்து, ஒவ்வொருவரின் பெட்டியும் அவரவர் பெயரிலேயே பதியப்பட வேண்டும் என்று நிறுவனம் எங்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தது. பெட்டி பின்னர் வந்து சேர்ந்தது.

புதிய நாட்டில் எங்களைச் சந்தித்த முகவர் வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்தவர். இரண்டாவது பெரிய தளர்ச்சி அங்கே. சாமான் கட்டியபோது அவ்வளவு அக்கறையோடு தயாரித்த பட்டியலின் முழுப் பிரதி அவரிடம் வந்து சேரவில்லை. பெட்டி எண்ணும் அறையும் மட்டும் கொண்ட சுருக்கமே இருந்தது. சுங்கத்துக்கு அது போதவில்லை. குடிபெயர்ந்து வருவோரின் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்குப் பல நாடுகள் வரிவிலக்கு தருகின்றன, ஆனால் நிபந்தனைகளோடு. ஐரோப்பிய ஒன்றியத்தில், வெளியே தொடர்ந்து 12 மாதங்களாவது வாழ்ந்திருக்க வேண்டும், பொருள்கள் குறைந்தது 6 மாதங்கள் பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும், குடியேறிய 12 மாதங்களுக்குள் கொண்டுவர வேண்டும், அதன்பின் 12 மாதங்களுக்கு அவற்றை விற்கக் கூடாது. மற்ற நாடுகளிலும் இதை ஒத்த விதிகளைக் காணலாம். எது பழையது, எது புதியது என்று காட்டும் விரிவான பட்டியல் இல்லாமல் அதிகாரிகள் எப்படி முடிவெடுப்பார்கள்? எங்களிடம் கையொப்பமிட்ட பிரதி இருந்ததால் அதை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். துறைமுகத்தில் இலவச நாள்கள் முடிந்தால் கன்டெய்னருக்கு நாள் வாடகை ஏறத் தொடங்கும். அதற்கு முன்பே விடுவிப்பு கிடைத்துவிட்டது.

கப்பல் வருவதில் ஏற்பட்ட தாமதத்துக்கு நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2023 இறுதி முதல் செங்கடல் பாதையைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல கப்பல்கள் சென்றதால், ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பத்து நாளோ அதற்கு மேலோ கூடியது; அதன் விளைவாக மற்றப் பாதைகளிலும் கால அட்டவணைகள் குலைந்தன. ஒவ்வொரு வாரமும் கப்பல் எங்கே இருக்கிறது என்று எழுதினார்கள். சாமான் வரும்வரை நாங்கள் தங்கியிருந்த தற்காலிக வீட்டின் ஒப்பந்தம் அதற்கு முன்பே முடியும் நிலை வந்தபோது, அதை நீட்டிப்பது யாருடைய பொறுப்பு என்று இரு அலுவலகங்களும் ஒன்றையொன்று சுட்டின. எங்கள் கட்டாயத்தின் பேரில்தான் நீட்டிப்பு கிடைத்தது.

சாமான் இறங்கிய நாள் மீண்டும் நிறைவானது. கன்டெய்னர் கதவின் முத்திரை எண்ணைச் சரக்குச் சீட்டில் உள்ள எண்ணோடு எங்கள் முன்னிலையில் ஒப்பிட்டுக் காட்டிய பிறகே உடைத்தார்கள். உடனே தேவைப்படும் படுக்கை, பாத்திரம், பிள்ளைகளின் பெட்டிகள் ஆகியவற்றைக் கடைசியாக ஏற்றியிருந்ததால் அவையே முதலில் வெளியே வந்தன. பெட்டியில் இருந்த பெயரைப் பார்த்து அவரவர் அறைக்குக் கொண்டுசென்றார்கள். மாலைக்குள் எல்லோருக்கும் படுக்கை தயார். சில கண்ணாடிப் பொருள்களும் ஒரு நாற்காலியின் காலும் உடைந்திருந்தன. புகைப்படத்தோடு கொடுத்த கோரிக்கையை மறுப்பின்றி ஏற்று, காப்பீட்டில் பணம் பெற்றுத் தந்தார்கள்.

மொத்தத்தில், சாமான் கட்டுதல், காப்பீடு, தங்குமிடம் ஆகியவற்றுக்கு இந்த நிறுவனத்தை எவருக்கும் பரிந்துரைப்பேன். பத்து இருக்கையோ அதற்கு மேலோ தேவைப்படும் குடும்பம், விமானச் சீட்டை மட்டும் குழுப் பதிவில் அனுபவமுள்ள தனிப் பயண முகவரிடம் வாங்குவது நல்லது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சேரும் நாட்டு முகவர் யார், தற்காலிக வீட்டின் காலத்தை நீட்டிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, வாகனம் ஏற்பாடு செய்பவருக்குப் பெட்டிகளின் எண்ணிக்கை எழுத்தில் போகிறதா என்ற மூன்றையும் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எங்கள் அனுபவத்தை நிறுவனத்துக்கு விரிவாக எழுதியபோது, புறப்பாடு முதல் கடைசிப் பெட்டியைப் பிரிக்கும் வரை ஒரே ஒருங்கிணைப்பாளரை நியமிக்கும் வசதி தங்களிடம் இருப்பதாகவும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு என்றும் பதில் வந்தது. பெரிய குடும்பங்களுக்கு அந்த வசதி அடிப்படைக் கட்டணத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அதுவரை, கூடுதல் பணம் கொடுத்தாவது அதைக் கேட்டு வாங்குங்கள்.